ஊசி குத்தினால் கட்டி பரவுமா? வீரவநல்லூர் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், வீரவநல்லூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. வாலிப வயதில் பிடித்த பீடியை இன்னும் விடவில்லை. நாலு மாசமாக இருமல், ஆள் பாதியாக இளைத்துவிட்டார், சளியோடு ரத்தமும் வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து டிபியாக இருக்கும் என்று சொல்லி இரண்டு மாசமாக மாத்திரை ஓடுகிறது, ஆனால் சளி டெஸ்ட்டில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. இப்போது சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் 4.2 செ.மீ. கட்டி என்கிறார்கள். பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போட்டுச் சதை எடுக்கணும் என்கிறார். பெரியப்பாவோ "சும்மா கிடக்கிற கட்டியை ஊசியால கிளறிவிட்டா உடம்பு பூரா பரவிரும், நம்ம ஊர்லயே எத்தனை பேரைப் பார்த்தாச்சு" என்று ஒரே பிடிவாதம். அத்தானும் அவர் கட்சி. ஸ்கேனிலேயே புற்றா இல்லையா என்று தெரியாதா? ரத்தத்தில் பார்க்க முடியாதா? நுரையீரல் ஓட்டையாகிவிடுமா? போன வருஷம்தான் அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவரிடம் இன்னும் நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும், இதைத்தான் பயாப்சி என்போம். ஊசியைப் பற்றிய பயத்தில் இன்னொரு மாசம் ஓடிவிட்டால் அதுதான் பெரிய நஷ்டம்.

ஸ்கேனில் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, ஓரம் வழவழப்பாக இருக்கிறதா முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா, இதெல்லாம் சிடி நன்றாகவே காட்டும். அதைப் பார்த்து எங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், சில நேரம் பலமான சந்தேகமே வரும். ஆனால் இந்தக் கட்டிக்கு இன்னதுதான் பெயர் என்று ஸ்கேன் சொல்லாது. அதிலும் நம் நாட்டில் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் டிபியும் நுரையீரலின் மேல் பகுதியைத்தான் விரும்பிப் பிடிக்கும், டிபியிலும் இருமல், இளைப்பு, சளியில் ரத்தம் எல்லாம் உண்டு, டிபியும் உருண்டு திரண்டு கட்டி மாதிரியே நிற்கும். உடம்பில் சர்க்கரையை அதிகம் இழுக்கிற இடங்களை ஒளிரக் காட்டுகிற பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதில் புற்றும் பளிச்சென்று ஒளிரும், டிபியும் ஒளிரும், பூஞ்சைத் தொற்றும் ஒளிரும். நோய் எதுவரை போயிருக்கிறது, எந்த இடத்தில் சதை எடுத்தால் நல்லது என்பதற்கு அந்த ஸ்கேன் ரொம்ப உதவும். முடிவு சொல்வது அதன் வேலை இல்லை.

ரத்தத்தில், புற்று இருந்தால் ஏறக்கூடிய சிஇஏ என்ற புரதத்தை அளக்கிற மாதிரி சில டெஸ்ட்கள் உண்டு. பீடி பிடிக்கிறவர்களுக்கு சும்மாவே அது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், புற்று இருந்தும் ஏறாதவர்களும் இருக்கிறார்கள். கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் மரபணுத் துணுக்கைத் தேடும் 'லிக்விட் பயாப்சி'யும் இப்போது வந்திருக்கிறது. அது, புற்று என்று உறுதியானவர்களுக்கு எந்த மருந்து பொருந்தும் என்று தேட உதவும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் அதை நம்பி வீட்டில் உட்கார முடியாது.

சரி, பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். நம் பக்கத்தில் இருமலுக்கு முதலில் மெடிக்கல் ஷாப்பில் டானிக், அப்புறம் கை வைத்தியம், அப்புறம் டிபி மாத்திரை என்று நாலைந்து மாசம் போய், ஆள் உருக்குலைந்த பிறகுதான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். அப்போது ஊசி போட்டுப் பார்த்தால், நோய் ஏற்கெனவே எலும்புக்கோ ஈரலுக்கோ மூளைக்கோ போயிருக்கும். இரண்டு மாசத்தில் ஆள் போய்விடுவார். ஊர் என்ன சொல்லும்? "நல்லாத்தான் இருந்தார், ஊசி போட்டாங்க, போயிட்டார்." முந்தின நாலு மாசம் யார் கணக்கிலும் வருவதில்லை, பழி ஊசி தலையில் விழுகிறது.

ஊசி போன தடத்தில் புற்று அணுக்கள் ஒட்டி வளர்வது என்று ஒன்று உண்டு, இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஜப்பானில் பல மருத்துவமனைகளில் சிடி பார்த்துச் செய்த 9,783 நுரையீரல் ஊசி பயாப்சிகளைத் தொகுத்து 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், அதில் 6 பேருக்குத்தான் அப்படி வந்திருந்தது. இதற்கு ஊசியின் அமைப்பும் ஒரு காரணம். இப்போது பெரும்பாலும் ஊசிக்குள் ஊசி. வெளி ஊசி ஒரே ஒரு தடவை நெஞ்சுக்குள் போய் கட்டியின் வாசலில் நின்றுகொள்ளும், சதையை அறுத்தெடுக்கும் உள் ஊசி அதன் வழியாகவே போய்ப் போய் வரும். நாலு துண்டு எடுத்தாலும் நெஞ்சில் ஒரே துளைதான், எடுத்த சதை வழியில் எதிலும் உரசுவதும் இல்லை.

பெரியப்பா இதை ஏதோ புது வைத்தியம் என்று நினைத்தால் இதையும் சொல்லுங்கள். நெஞ்சுக்கு வெளியிலிருந்து நுரையீரலுக்குள் ஊசி போட்டு நோயைக் கண்டுபிடிப்பது 1880-களிலேயே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. 1883-ல் லெய்டன் என்ற ஜெர்மன் மருத்துவர் நிமோனியாவுக்காகச் செய்தார், 1886-ல் மெனெட்ரியே என்ற பிரெஞ்சு மருத்துவர் புற்றைக் கண்டுபிடித்தார். சிடி ஸ்கேனின் துணையோடு செய்வது 1970-களில் வந்தது.

ஒரு விலக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடணும். கட்டி சின்னது, வேறு எங்கும் போகவில்லை, பார்த்த பார்வைக்கே புற்று என்று பலமான சந்தேகம், ஆளும் ஆபரேஷன் தாங்குவார் என்றால், சில நேரம் ஊசி போடாமலே நேராக அறுவை சிகிச்சைக்குப் போய், அங்கேயே ஒரு துண்டைப் பரிசோதித்து, மேற்கொண்டு முடிவெடுப்பார்கள். நுரையீரல் உறையை ஒட்டிய சின்ன ஆரம்பக் கட்டிகளில் ஊசி போடலாமா என்ற விவாதம் டாக்டர்களுக்குள்ளும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்றுதான் எனக்குப் படுகிறது. டிபியா என்ற கேள்வி தீரவில்லை, இருதயத்தில் போன வருஷம்தான் ஸ்டென்ட். பெயர் தெரியாத நோய்க்காக அவர் நெஞ்சைத் திறக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஊசி போடுவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "இதைவிட லேசான இடத்தில் சதை எடுக்க வழி இருக்கிறதா?" காறை எலும்புக்கு மேலே கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அங்கே எடுப்பது ரொம்பச் சுலபம், நுரையீரலைத் தொடவே வேண்டாம், அதோடு நோய் கழுத்துவரை வந்திருக்கிறதா என்பதும் அதே ஊசியில் தெரிந்துபோகும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் முதலில் அந்த நீரை எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி மூச்சுக்குழாயை ஒட்டி நடுவில் இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற பிராங்கோஸ்கோபி, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் உள்ள நெறிகள் பெரிதாக இருந்தால் ஈபஸ் என்கிற, நுனியில் அல்ட்ராசவுண்டு வைத்த குழாய். இதெல்லாம் இல்லாமல் கட்டி வெளி ஓரமாக, விலா எலும்புப் பக்கம் இருந்தால் சிடி ஊசிதான் சரியான வழி. உங்கள் டாக்டர் நேராக ஊசி என்று சொல்லியிருப்பதைப் பார்த்தால் ஓரத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன், தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். காலையில் வெள்ளென வரச் சொல்வார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் கிடையாது. கட்டி இருக்கிற இடத்தைப் பொறுத்து சிடி மேஜையில் மல்லாக்கவோ குப்புறவோ படுக்க வைத்து, ஒரு ஸ்கேன் எடுத்து, தோலில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் சுருக்கென்று எரியும். பயாப்சி ஊசி அதற்கப்புறம்தான். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டித்தான் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அதனால் ஊசியை எப்போதும் எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே இறக்குவார்கள். கொஞ்சம் இறக்குவது, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் இறக்குவது. கட்டியை எட்டியதும் உள் ஊசியை விடும்போது 'டக்' என்று ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அதை முன்னாடியே அப்பாவிடம் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் திடுக்கிட்டு அசைந்துவிடுவார். ஒவ்வொரு சத்தத்துக்கும் நூல் மாதிரி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சதை கிடைக்கும். எல்லாம் சேர்த்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

இதில் அப்பாவின் பங்கு ஒன்று இருக்கிறது, அது மூச்சு. நுரையீரல் மூச்சோடு மேலும் கீழும் நகரும், கட்டியும் கூடவே நகரும். "மூச்சை நிப்பாட்டுங்க" என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் நிறுத்த வேண்டும். முந்தின நாள் வீட்டில் படுத்துக்கொண்டு பத்து தடவை பழகச் சொல்லுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது பலமாக இருமுவதுதான் எங்களுக்குப் பிடிக்காத விஷயம், அதனால் அவருக்கு இருமல் அடங்காமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அடக்கி வைக்க மருந்து கொடுப்பார்கள். இதற்காகவாவது அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும், தம்பி. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். "நுரையீரலில் ஒரு கட்டி இருக்கு, என்னன்னு பார்க்க சதை எடுக்காங்க" என்று சொன்னால் போதும், இன்றைக்கு நமக்கே அவ்வளவுதான் தெரியும். வீடே குசுகுசுவென்று பேசுவதை ஒரு 64 வயது மனுஷன் கவனிக்காமலா இருப்பார்?

ஓட்டை விஷயம். ஊசி நுரையீரலின் மேல் உறையைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து நுரையீரலுக்கும் நெஞ்சுக் கூட்டுக்கும் இடையில் சேரலாம். நூறு பேருக்குச் செய்தால் 15-லிருந்து 25 பேருக்கு இப்படி வரும். பெரும்பாலும் சொற்பம்தான், ஆக்சிஜன் கொடுத்து வைத்திருந்தால் தானாக உறிஞ்சிக்கொள்ளும். நூற்றில் ஐந்து பேர் அளவில் காற்று அதிகமாகி, விலா இடுக்கில் டியூப் போட்டு ஓரிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வரும். பீடி நுரையீரலை ஏற்கெனவே ஊதிப்போக வைத்திருந்தால் இந்த வாய்ப்பு கூடும், உங்கள் அப்பாவுக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் எடுத்து முடித்ததும் குத்திய பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைப்பார்கள், சில மணி நேரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். "நல்லாத்தானே இருக்கேன், கடைசி பஸ்ஸைப் பிடிச்சிருவோம்" என்று அவர் சொன்னால் விடாதீர்கள். அன்றைக்கு ஒரு ராத்திரி பாளையங்கோட்டையிலேயே தங்கிவிடுங்கள். சளியில் லேசாக ரத்தம் ஒன்றிரண்டு நாள் வரலாம். மூச்சுத் திணறல், குத்தும் நெஞ்சுவலி, நிறைய ரத்தம், இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு போகணும். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழே.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே யோசனையைத் தந்தது ஸ்டென்ட்தான். ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஊசிக்கு முன் கிளோபிடோக்ரெலை வழக்கமாக ஐந்து நாள் நிறுத்தச் சொல்வோம். ஆனால் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகாமல் இருந்தால், வீட்டிலேயே நீங்களாக நிறுத்துவது ஊசியைவிடப் பல மடங்கு ஆபத்து, ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்புதான். எனவே முதல் வேலையாக இருதய டாக்டரைப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி போட்ட டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோய், எதை எத்தனை நாள் நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்று எழுதி வாங்கி ஊசி போடும் டாக்டரிடம் கொடுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னால் வழியில் மாறிப்போகும்.

இப்போது, என்ன சதை, எவ்வளவு சதை என்பது. அம்பாசமுத்திரம் பக்கம் நெல் வியாபாரி மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியால் குத்தி ஒரு பிடி உருவிப் பார்ப்பாரே, அதேதான் இது. மேலாகக் குத்தினால் மேல் நெல் மட்டும்தான் வரும். மெல்லிய ஊசியில் அணுக்களை மட்டும் உறிஞ்சி எடுப்பதை எஃப்என்ஏசி என்பார்கள், புற்றா இல்லையா என்று பல நேரம் அதிலேயே தெரியும். ஆனால் இன்றைக்கு அது போதாது. நுரையீரல் புற்று ஒரே நோய் இல்லை. 'ஸ்மால் செல்' வகை என்றால் பெரும்பாலும் கீமோவும் கதிர்வீச்சும், மற்ற வகை என்றால் ஆரம்பத்தில் ஆபரேஷன். அடினோகார்சினோமா என்ற வகையாக இருந்தால் இன்னும் ஒரு படி உள்ளே போய் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்களைத் தேட வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. நம் நாட்டு அடினோகார்சினோமா நோயாளிகளில் சுமார் நாலில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. பீடியே தொடாத பெண்களுக்குத்தான் இது அதிகம், உங்கள் அப்பாவுக்கு வாய்ப்பு குறைவு. குறைவு என்பதற்காகத் தேடாமல் விட முடியாது. இவ்வளவுக்கும் அணுக்கள் மட்டும் போதாது, நூல் மாதிரி சதைத் துண்டாகவே வேண்டும், அப்படி எடுப்பதுதான் கோர் பயாப்சி. அதனால் "கோர் பயாப்சிதானே சார், மரபணு டெஸ்ட்டுக்கும் போதுமான அளவு எடுப்பீங்களா" என்று தைரியமாகக் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பல இடத்தில் நழுவிப் போகிறது. எடுத்த சதை முழுவதையும், கெடாமல் வைக்கிற ஃபார்மலின் மருந்து பாட்டிலில் போட்டுவிட்டால் அதில் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். ஒரு துண்டையாவது சாதாரண சலைனில் தனியாகப் போட்டு டிபி மரபணு டெஸ்ட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு மாசமாக நிற்கிற கேள்விக்கு இந்த ஒரு துண்டில் பதில் கிடைக்கலாம். அதுவரை டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கொடுத்த டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள். டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின், நான் மேலே சொன்ன புற்று மாத்திரைகள் பலவற்றின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே புற்று என்று வந்தால், புற்றுக்கு மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். 'அழற்சி மட்டும்', 'செத்த திசு', 'புற்று அணுக்கள் காணப்படவில்லை' என்று வந்தால் வீட்டில் எல்லோரும் கும்பிடு போட்டுக் கொண்டாடிவிடுவார்கள், அவசரப்படாதீர்கள். பெரிய கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்துப் போயிருக்கும், ஊசி அங்கே போயிருந்தால் ஒன்றும் கிடைக்காது, உயிருள்ள ஓரத்தில் எடுத்திருக்க வேண்டும். டிபி என்றோ, சாதுவான இன்ன கட்டி என்றோ தெளிவாகப் பெயர் சொல்லி வந்தால்தான் நம்பலாம். பெயரில்லாமல் 'இல்லை' என்று மட்டும் வந்தால், ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அப்போது பெரியப்பா "நான் அப்பவே சொன்னேன்லா" என்பார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தெந்தப் பரிசோதனை அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் முன்னாடியே விசாரியுங்கள். நோயின் வகை தெரிய ஒரு வாரம் போல ஆகும், மரபணு முடிவுகளுக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

கடைசியாக, நம் பக்கத்துக்காரர்கள் பாதிப் பேர் அடுத்து திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போவார்கள். போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் 'பிளாக்', கண்ணாடி ஸ்லைடுகள், இரண்டையும் லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். அங்கே அதைத் திரும்பப் பார்ப்பார்கள், மேற்கொண்டு டெஸ்ட் தேவைப்பட்டால் அதிலிருந்தே செய்துகொள்வார்கள், அப்பாவை இன்னொரு தடவை குத்த வேண்டி வராது. பிளாக் மெழுகு என்பதால் காரின் முன்கண்ணாடி பக்கம் வெயிலில் வைத்துவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்சிசியில் ஃபைல் போடும்போதே ஸ்லைடும் பிளாக்கும் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.